லோயிஸ் பார்த்த சாலை

அத்தியாயம் 7

அன்று காலை அம்மாவை முன்சீட்டிலிருந்து எழுப்பி விட்டது கிரெட்டாதான்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். மின்னியாபொலிஸிலிருந்து விமானத்தில் வந்து, பில்லிங்ஸில் அப்பா அம்மாவின் வீட்டு வண்டியில் ஏறிக்கொண்டு மூன்று நாளாகிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கிற முப்பதடி வண்டி. அத்தனை பெரிய வண்டியிலும் அம்மா லோயிஸின் குரலுக்குத் தப்பி ஒளிய ஓரிடம் கிடையாது.

"ஹார்லன், மஞ்சக்கோட்டுக்கிட்ட போறே."

"ஹார்லன், முன்னாடி வெள்ளை லாரி. மெதுவாப் போறான்."

"இடது பக்கம் வளைவு. இன்னும், இன்னும், ஆங், போதும்."

நாற்பது வருஷம் வடக்கு டகோட்டாவின் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய மனுஷன் ஹார்லன். 'கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவான்' என்று ஊரே சொல்லும். அவருக்குப் போய் வளைவு சொல்லிக் கொடுக்கிறாளே இந்த அம்மா என்று கிரெட்டாவுக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலுக்கு அடியில் ஒரு வலியும் இருந்தது. வசந்தத்தில்தான் அவளுடைய விவாகரத்து முடிந்தது. வந்ததிலிருந்து அப்பா அவள் முகத்தை நேராக ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பேசும்போதெல்லாம் அவள் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்துப் பேசினார். தாலியறுத்துக்கொண்டு வந்தவளைப் பார்ப்பது போல, என்று நம் ஊரில் சொல்வோமே, அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

"அம்மா, இன்னிக்கு நான் முன்னாடி உட்கார்றேன். நீ பின்னாடி போய்ப் படு. நேத்தெல்லாம் தலைவலின்னு முனகிக்கிட்டே இருந்தே."

"எனக்கொண்ணும் இல்ல."

"அப்பா காதுக்காவது கொஞ்சம் லீவு குடேன்."

லோயிஸ் சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள். ஹார்லன் மேசைமேல் கையால் தடவிக் காபிக் கோப்பையை எடுத்தார்.

"போய்ப் படு லோயிஸ். இருபது மைல்கூட இல்ல. நேர் ரோடு."

"ஹார்லன்..."

"படுன்னேன்ல."

அவள் எழுந்தாள். போகும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"போனைப் பாக்காதே. ரோட்டையே பாரு. என்ன தெரியுதோ சொல்லிக்கிட்டே வா."

"சரி சரி, கிரிக்கெட் கமென்டரி மாதிரி குடுத்துடறேன்" என்று சொல்லியிருப்பாள் நம்மூர்ப் பெண்ணாக இருந்தால். கிரெட்டா, "பேஸ்பால் மேட்ச் மாதிரியே சொல்றேன், போதுமா?" என்று சிரித்தாள்.

யெல்லோஸ்டோன் பூங்காவின் ஹேடன் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வலது பக்கப் புல்வெளி முழுக்கக் காட்டெருமைகள். செம்மண் நிறத்தில் கன்றுகள் தாய்களை முட்டிக்கொண்டு ஓடின. கிரெட்டா போனை எடுத்தாள். ஒன்று, இரண்டு, நாலு படம்.

"அப்பா, அந்தக் கன்னுக்குட்டியைப் பாருங்களேன்..." என்று திரும்பியவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சாலை முன்னால் அடைபட்டிருந்தது. கார்கள் வரிசையாக நின்றன. மந்தை ஒன்று கடந்துகொண்டிருக்க, ஜனங்கள் கார்களை விட்டிறங்கி நடுரோட்டில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காருக்கும் பின்னால், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண். அவள் தோளுக்கு மேலாகக் குழந்தையின் தொப்பி தெரிந்தது. மார்போடு கட்டியிருந்தாள்.

அப்பா பார்த்திருப்பார், இதோ பிரேக் போடுவார் என்று கிரெட்டா நினைத்தாள்.

வண்டி வேகம் குறையவில்லை.

அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் சாலையில். வாய்க்குள் ஏதோ பாட்டு.

"அப்பா!"

"என்னம்மா?"

என்ன நிதானமான 'என்னம்மா' அது!

"நிறுத்துங்க! ஆளுங்க நிக்கறாங்க! அப்பா, நிறுத்துங்க!"

ஹார்லன் காலை மொத்தமாக இறக்கினார். டயர்கள் அலறின. அலமாரிக் கதவுகள் படார் படாரென்று திறந்துகொள்ள, தட்டுகளும் டப்பாக்களும் மழையாய்க் கொட்டின. பின்னால் கனமாக ஏதோ விழுந்தது. ஓரத்தில் மூன்றுகால் தாங்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பள்ளத்துக்குள் பாய்ந்தார். அவருடைய கேமரா சக்கரத்துக்கடியில் நொறுங்கியது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மஞ்சள் ஜாக்கெட் பெண் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை குழந்தையின் தலைமேல். இன்னொரு கை வண்டியின் முகப்பைத் தொட்டபடி, அதைத் தான்தான் பிடித்து நிறுத்தியது போல. அவள் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

ஒரு கிழட்டுக் காட்டெருமை இதையெல்லாம் திரும்பிக்கூடப் பாராமல் சாலையைக் கடந்து போனது.

ஹார்லன் அந்தப் பெண்ணுக்கு நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையாவது இடிச்சேனா?" என்று கேட்டார். "கிரெட்டா, சொல்லு. முன்னாடி யாராவது இருக்காங்களா?"

கிரெட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் பின்னால் ஓடினாள். நடைவழி முழுக்கச் சிவப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவில் அம்மா கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கணம் கிரெட்டா எல்லாமே ரத்தம் என்று நினைத்தாள். பிறகுதான் ருபார்ப் ஜாமின் வாசனை வந்தது. பாட்டில் உடைந்திருந்தது. ஆனால் அம்மாவின் நெற்றியில் வழிந்தது ஜாம் இல்லை.

"யாருக்காவது அடியா?" என்றாள் லோயிஸ்.

"இல்ல. தப்பிச்சாங்க. அம்மா, அப்பாவுக்கு..."

"தெரியும்" என்றாள் லோயிஸ். துணியை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொண்டு, மகளைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கினாள்.

வெளியே கேமராக்காரர் பள்ளத்திலிருந்து ஏறி வந்திருந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு? குருடனா நீ?"

யார் யாரையும் சாலையில் திட்டுகிற வசவுதான். ஹார்லன் வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறடி உயர மனுஷன், காற்றில் சாய்ந்த கம்பம் மாதிரி நின்றார்.

மந்தையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பூங்காக் காவல் ரேஞ்சர் ஓடி வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. முதலில் குழந்தையைப் பார்த்தாள், அப்புறம் சிராய்ப்பை, அப்புறம் லோயிஸின் நெற்றியை.

"யார் ஓட்டினது?"

"நான்தான்" என்றாள் லோயிஸ்.

கிரெட்டா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

"நீங்களா?"

"நான்தான் ஓட்டினேன். எருமையை வேடிக்கை பாத்துட்டேன். என் தப்பு."

ரேஞ்சர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். பின்னுக்குத் தள்ளிப் போட்டிருந்த சீட். பிறகு லோயிஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். லோயிஸ் ஐந்தடிதான்.

"இங்க உட்கார்ந்தா உங்க கால் பிரேக்குக்கு எட்டாதேம்மா."

கிரெட்டா அப்பாவைப் பார்த்தாள். சொல்லுங்கப்பா. இப்பச் சொல்லுங்க. ஹார்லன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தாடை அசைந்தது, குரல் வரவில்லை.

"நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?" ரேஞ்சர் கிரெட்டாவிடம் கேட்டாள்.

"முன்னாடி. அப்பா பக்கத்துல." "அப்பாதான் ஓட்டினார். அவருக்குக் கண்ணு தெரியல."

"கிரெட்டா!" அம்மாவின் குரல் அறை விழுந்தது போல இருந்தது.

ரேஞ்சர் ஹார்லனுக்கு முன்னால் போய் நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார், என் சட்டையில பேர் எழுதியிருக்கு. படிங்க."

ஹார்லன் முகத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல சார். என்னைப் பாருங்க."

"உன்னைத்தாம்மா பாக்கறேன். இப்படித் திரும்பினாத்தான் நீ கொஞ்சம் தெரியறே. நேராப் பாத்தா நடுவுல ஒண்ணுமே இல்ல. சுத்தி எல்லாம் இருக்கு, நீ மட்டும் இல்ல."

கிரெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாக அவள் தோளுக்கு அப்பால் பார்த்த பார்வை! அவர் அவளை வெறுக்கவில்லை. அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ரேஞ்சர் ஹார்லனின் லைசென்ஸை வாங்கிக்கொண்டாள். வழக்கு உண்டு, தபாலில் அழைப்பு வரும் என்றாள். சாவியைக் கிரெட்டாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இவர் இனிமே ஓட்டக்கூடாது. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்குமே. புரியுதா?"

மஞ்சள் ஜாக்கெட் பெண் தன் காருக்குள் உட்கார்ந்து குழந்தையின் உச்சியை முகர்ந்துகொண்டிருந்தாள். கிரெட்டா ஜன்னலருகே போய், "மன்னிச்சிடுங்க" என்றாள். அந்தப் பெண் தலைநிமிரவில்லை. "தயவுசெஞ்சு போயிடுங்க" என்றாள்.

வண்டிக்குள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காலடியில் கண்ணாடிச் சில்லு நெரிந்தது.

"எவ்வளவு நாளா?" கிரெட்டா கேட்டாள்.

"ரெண்டு வருஷம்" என்றாள் லோயிஸ். "ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே வீட்டுக்கு அவன்தான் ஓட்டிட்டு வந்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து ரோட்டைச் சொல்லச் சொல்ல."

"நீ ஒத்துக்கிட்டியா? பைத்தியமா நீ?"

"சாவியைப் பிடுங்கினா இவன் உசிரோட இருக்க மாட்டான்னு நெனச்சேன். நீ இவனைப் பாக்கல அப்போ. சோபாவுல உட்கார்ந்து சுவரைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் இந்த வண்டியை வாங்கினான். மறுபடி சாப்பிட ஆரம்பிச்சான்."

"குழந்தைம்மா! நெஞ்சுல கட்டின குழந்தை!"

"நான் முன்னாடி உட்கார்ந்திருந்தா..."

"அதைச் சொல்லாதே!" கிரெட்டா கத்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை எழுப்பியிருப்பேனா? நான் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேம்மா. போட்டோ!"

ஹார்லன் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா, பார்ப்பது போல இருந்தாரா, இனி யாருக்குத் தெரியும்?

லோயிஸ் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே ஹார்லன் நீ."

"என்ன சொல்றது?"

"போலீஸ் உடுப்புல நிக்கறவகிட்ட நான் பொய் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு ஒண்ணு ஆகியிருந்தாலும் நான்தான்னு சொல்லியிருப்பேன். நீ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. கண்ணு போச்சு, சரி. வாயுமா போச்சு?"

ஹார்லன் தலையைத் தூக்கவில்லை.

"பயமா இருந்துச்சு லோயிஸ்."

"எனக்கு ரெண்டு வருஷமா பயமா இருக்கு" என்றாள் அவள்.

கிரெட்டா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் அவள் ஓட்டிய பெரிய வண்டி, வீடு மாறும்போது எடுத்த வாடகை வேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, அவள் ஊர்ந்து போனாள். ஹார்லன் பக்கத்து சீட்டுக்கு வரவில்லை. மேசையருகிலேயே இருந்தார்.

லோயிஸ் நடுவில் பக்கவாட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது.

"இது என்ன, ஆறா?"

"யெல்லோஸ்டோன் ஆறும்மா. காலையிலேர்ந்து கூடவே வருது."

"நேத்தும் இருந்துச்சா?"

"நேத்தும் இருந்துச்சும்மா."

"கிராண்ட் கேன்யன் போனோம். பேட்லேண்ட்ஸ் போனோம். எப்படி இருந்துச்சுன்னு சர்ச்சுல எல்லாரும் கேட்டாங்க. ரோடு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். ஜோக்கடிக்கிறேன்னு சிரிச்சாங்க."

ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏரிக்கரை அருகே ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் இடம் பதிவு செய்திருந்தார்கள். கரடிகள் திரிகிற பகுதி. துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை, கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும். பின்னுக்கு எடுத்து நிறுத்த கிரெட்டா திணறுவதைப் பார்த்து, பக்கத்து வண்டிக்காரர் வந்து கைகாட்டி உதவினார். கிரெட்டா மின்சார வயரைச் செருகினாள், தண்ணீர்க் குழாயை மாட்டினாள், கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டினாள்.

லோயிஸ் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்தாள்.

"எங்கம்மா?"

"ஏரியைப் பாக்கப் போறேன்."

"நானும் வரேன் இரு."

"வேண்டாம். நீ அவன்கூட இரு. யாராவது இருக்கணும் அவன்கூட."

கதவருகே நின்று ஒரு நொடி ஹார்லனைப் பார்த்தாள். அவருக்கு அது தெரிந்திருக்காது. இறங்கிப் போனாள்.

கிரெட்டா ரொட்டியும் சாசேஜும் நறுக்கி வைத்தாள். அப்பா தொடவில்லை.

"உன் வீட்டுக்காரன்..." என்று ஆரம்பித்தார். "பிரிஞ்சதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலைன்னு நெனச்சிருப்பே."

"நெனச்சேன்பா."

"உன் முகம் எப்படி இருக்குன்னு தெரியாம எப்படிக் கேக்கறது? அழறியா இல்லையான்னே தெரியலையே எனக்கு."

கிரெட்டா அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவருடைய விரல்கள் ஈரத்தைத் தொட்டு நின்றன. "ம்" என்றார்.

மாலை வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்தது. லோயிஸ் வரவில்லை. கிரெட்டா போன் செய்தாள். எடுக்கவில்லை. ஏரிக்கரைக்கு ஓடினாள். அக்கரைப் பனிமலைகள் பளிச்சென்று நின்றன. கரையில் இரண்டு குடும்பங்கள் கூழாங்கல் எறிந்துகொண்டிருந்தன. பச்சை ஸ்வெட்டர் எங்கும் இல்லை. மரங்களுக்குள் பார்த்து "அம்மா!" என்று கூப்பிட்டாள். கரடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததும் கால் தானாக ஓடியது.

கடையில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுக்கிற பெண்தான் சொன்னாள்.

"நெத்தியில பிளாஸ்திரியா? வந்தாங்களே! ஹக்கிள்பெர்ரி ஐஸ்கிரீம் வாங்கினாங்க. அயோவா சர்ச்லேர்ந்து ஒரு பஸ் நிறைய பாட்டிங்க வந்திருந்தாங்க, அவங்ககூட பெஞ்சுல உட்கார்ந்து ஒரே சிரிப்பு."

"அப்புறம்?"

"பஸ்ஸுல ஒரு சீட் காலியா இருக்குன்னு பேசிக்கிட்டாங்க. அவங்ககூடவே ஏறிப் போயிட்டாங்க. ஏங்க, உங்களுக்குத் தெரியாதா?"

கிரெட்டா கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். கரடிக்குப் பயந்தாள், ஏரிக்குப் பயந்தாள். இது அவள் கனவிலும் நினைக்காதது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அம்மா மளிகைக் கடைக்குக்கூட அப்பாவிடம் சொல்லாமல் போனதில்லை.

வண்டிக்குத் திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்து, போன் அதிர்ந்தது. அவள் நின்று படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

ஹார்லன் படியில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்தார்.

"லோயிஸ்?"

"நான்தான்பா."

"அவ எங்க?"

"மெசேஜ் போட்டிருக்கா. நல்லா இருக்காளாம். ஒரு பஸ்ஸுல கோடின்னு ஒரு ஊருக்குப் போறாளாம். ஜன்னலோரம் இடம் கிடைச்சுதாம். பயப்படாதீங்கன்னு..."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹார்லன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதையோ முழுங்கினே. எனக்குக் காது நல்லா இருக்கு கிரெட்டா. படி."

அவள் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், அறிவிப்புப் பலகையைப் படிப்பது போலப் படித்தாள்.

"'கோடியில ராத்திரி தங்கறாங்க. காலையில அவங்க கிழக்கே ஊர் திரும்பறாங்க. அவங்ககூடவே போயிடலாமான்னு யோசிக்கிறேன். நம்ம வீட்டுக்கு வரணுமான்னு இன்னும் முடிவு பண்ணலை. ஹார்லன் போன் பண்ணினா எடுக்க மாட்டேன். போன்ல இல்ல, நேர்ல வந்து பேச அவனுக்கு வாய் இருக்கான்னு பாக்கணும்.'"

ஹார்லன் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். பெரிய கைகள் இரண்டும் முழங்காலில் கிடந்தன.

"அதுக்கு மலைக்கணவாயைத் தாண்டணும்" என்றார். "ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். எறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனா சூடாயிடும், கியரைக் குறைச்சுத்தான் இறக்கணும். உன்னால முடியுமா?"

"முடியாதுப்பா" என்றாள் கிரெட்டா.

சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிப் போய், தண்ணீர்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தாள்.